நடுவில் இறங்கிய விமானம்

அறுநூறு கிலோமீட்டர் தூரத்தைச் சாலையில் கடக்கப் பத்து மணி நேரமாகும். விமானத்தில் ஒன்றேகால் மணிதான். அதனால்தான் விடுமுறைக்கு அம்மாவின் ஊரிலிருந்து அப்பாவின் ஊருக்கு ஒன்பது வயது மகளைத் தனியாக விமானத்தில் அனுப்ப அம்மாவும் அப்பாவும் சம்மதித்தார்கள். பிரிந்த பிறகு இருவரும் சண்டையில்லாமல் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பது மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவருக்கு அன்று காலை விமான நிலையத்தில் தரையில் கால் தரிக்கவில்லை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. இறங்க வேண்டிய நேரம் தாண்டி அரை மணியாகியும் பலகையில் 'தாமதம்' என்றே இருந்தது. விசாரணை மேசைக்கு நாலு தடவை போய்விட்டு வந்தார்.

ஐந்தாவது தடவை அந்தப் பெண்ணே அவரைக் கூப்பிட்டாள். "சார், மழையில இறங்க முடியல. பாதி வழியில வேற ஊர்ல இறக்கிட்டாங்க. மத்தவங்கள பஸ்ல அனுப்பறோம். பாப்பாவ மட்டும் தனியா அனுப்ப முடியாது. நீங்களோ அம்மாவோதான் வரணும்."

அவர் வண்டிச் சாவியை எடுப்பதற்குள் போன் அடித்தது. வாழ்க்கையில் பிரிந்துபோன மனைவிதான்.

"நான் கிளம்பிட்டேன். நீங்க வர வேண்டாம்."

"லீவு என்கூடன்னுதானே பேச்சு?"

"மழையில உங்க ஓட்டை வண்டியிலயா?"

அவர் போனை வைத்துவிட்டுக் கிளம்பினார்.

வழி நெடுக மனசு ஒரு நிலையில் இல்லை. வைப்பர் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க, அவர் அவளிடம் கேட்க வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே போனார். 'என் பிள்ளைய நான் பாத்துக்க மாட்டேனா?' என்று தொடங்கிப் பழைய கணக்கெல்லாம் வந்தது. நடுவில் வாலுவின் முகம் வரும். வாலு என்பது அவர் மகளுக்கு வைத்த செல்லப்பெயர். அழுதிருப்பாளோ? சாப்பிட்டாளோ? காலால் ஆக்ஸிலரேட்டரை அழுத்துவார். வளைவில் பயந்து விட்டுவிடுவார்.

அந்தச் சின்ன விமான நிலையத்துக்குள் அவர் ஓடி நுழைந்தபோது எதிர் வாசல் வழியாக வாலுவின் அம்மாவும் வந்தாள். தலை கலைந்து, இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.

வாலு ஒரு விமானப் பணிப்பெண்ணோடு உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

"ரெண்டு பேருமா வந்தீங்க? ஒருத்தர் வந்தாப் போதும்னாங்களே."

ஐந்து மணி நேரம் கூர்தீட்டிய வார்த்தைகளை விட்டுவிட்டு அவர் வாலுவின் அம்மாவைப் பார்த்தார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஏதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

"இல்ல. நேத்து ராத்திரியிலேர்ந்தே ஒண்ணும் இறங்கல. ஏத்தி விட்டதுலேர்ந்து வானத்தையே பாத்துட்டிருந்தேன்."

"நானும்தான்."

மூவரும் கேன்டீனில் உட்கார்ந்தார்கள். வாலு ஓயாமல் பேசினாள். மேகம் இருட்டாக இருந்ததாம், பக்கத்து இருக்கை அங்கிள் சாமி கும்பிட்டாராம். பெரியவர்கள் அவள் முகத்தைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தார்கள்.

வாசலில் அம்மா மகளின் பையை அவர் வண்டியில் வைத்தாள். "லீவு அப்பா கூடத்தான். பேச்சு மாற மாட்டேன்."

"நீ இப்பவே திரும்பி ஓட்டாத," என்றார். "கண்ணு சொருகுது பாரு. ஒரு மணி நேரம் படுத்துட்டுப் போ. நாங்க இருக்கோம்."

மறுப்பாள் என்றுதான் நினைத்தார். அவள் தன் வண்டியின் இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். அவர் வாலுவை அழைத்துக்கொண்டு, அம்மாவின் தூக்கம் கலையாத தூரத்தில் மழை ஒழுகும் கூரையடியில் நின்றார்.