கண்ணாடி இல்லாத மேடை

மேடை ஒத்திகைக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். மறுநாள் காலை தேர்வாளர்கள் முன் ஆட வேண்டும். நடனத் துறையின் இறுதியாண்டு மாணவி அவள். எட்டு நிமிட ஆட்டம் ஒன்றை நான்கு மாதமாக அமைத்துக்கொண்டிருந்தாள். அதன் உச்சம் ஒரு விழுதல். மேசைமேல் நிற்கும் குருவி எட்டு எண்ணியதும் பின்பக்கமாகச் சாய வேண்டும். ஒட்டடைக்குச்சி ஓடிவந்து ஏந்த வேண்டும். இருவரும் இரண்டாமாண்டு மாணவர்கள்; துறையில் வழங்கும் பட்டப்பெயர்கள் அவை. பயிற்சி அறையில் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

மேடையில் குருவி சாயவில்லை. எட்டு போனது, பன்னிரண்டும் போனது.

“என்ன, வேர் விட்டுட்டியா?” என்றான் ஒட்டடைக்குச்சி.

“நீ எங்க இருக்கேன்னு தெரியல.”

“தினமும் எங்க இருப்பேனோ அங்கதான்.”

“தினமும் கண்ணாடியில பாத்துப்பேன்.”

ஆட்டத்தை அமைத்தவள் அரங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். பயிற்சி அறையின் எதிர்ச்சுவர் முழுக்கக் கண்ணாடி. ஆட்டம் நம்பிக்கையைப் பற்றியது என்று தேர்வாளர்களுக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தாள். குருவியோ அவன் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் இத்தனை நாளும் விழுந்திருக்கிறாள். இங்கே எதிரில் இருட்டும் நாற்காலிகளும்.

“கண்ண மூடிட்டுச் சாஞ்சிடு,” என்றாள் குருவியிடம்.

“நீங்க ஒரு தடவ விழுந்து காட்டுங்கக்கா.”

அவள் அதுவரை விழுந்ததே இல்லை. மேசை இடுப்புயரம்தான். ஏறி நின்றதும் கிணற்று விளிம்பு போலிருந்தது. குருவி எண்ணினாள். எட்டு வந்தபோது அவள் கால்விரல்கள் பலகையைப் பற்றிக்கொண்டன. வெறுங்காலில் ஓடிவருபவனின் சத்தம் கேட்கவில்லை.

“புடிப்பியாடா?”

“புடிக்கலேன்னா என் மார்க்கும்தானக்கா விழும்.”



“வந்ததும் ‘வந்துட்டேன்’னு சொல்லு.”

“ஆட்டத்துல பேச்சே கிடையாதுன்னு எழுதிக் கொடுத்தீங்களே? மார்க்கக் குறைச்சிடுவாங்க.”

“குறைக்கட்டும். சொல்லு.”

மறுபடி எண்ணினார்கள். அவன் சொன்னான். அவள் சாய்ந்தாள். கைகள் இருந்தன.

“அந்தக் குரல் கேக்காம சாயாத,” என்றாள் குருவியிடம். “எட்டு, ஒன்பதுன்னு எண்ணுறதெல்லாம் மறந்துடு.”

மறுநாள் அவள் பக்கத்திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு. ஏழு. எதிர்ப்பக்கத்திலிருந்து கிளம்பிய ஒட்டடைக்குச்சி, விளக்குத் தாங்கியின் காலில் இடறி ஒரு முழங்காலில் விழுந்தான். எட்டு.

குருவி அசையவில்லை. தேர்வாளர் ஒருவர் தாளிலிருந்து தலை நிமிர்ந்தார். ஒன்பது. பத்து.

“வந்துட்டேன்.” குரல் மூச்சிரைத்தது.

குருவி சாய்ந்தாள்.

ஏந்திய கைகளைப் பார்த்த பிறகும் அவளால் திரையை விட முடியவில்லை.