தேய்க்காத தகடு

பல் செட் செய்யும் லேபில் அவள் கைபட்ட தகடு திரும்பி வந்ததாகச் சரித்திரமே இல்லை. இன்று வந்துவிட்டது. அதுவும் அண்ணியின் தகடு.

அண்ணி பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். அவள் மைக்கில் வாயைத் திறந்தால் அத்தனை இரைச்சலும் அடங்கும். அந்த வாய்தான் சில மாதங்களாக இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க மறுத்தது. தாடை 'டக்'கென்று மாட்டிக்கொள்ளும், வலி காதுவரை ஏறும். மூன்று மாதத்துக்குள் சரியாகாவிட்டால் மைக்கை விட்டுவிட்டுக் கோப்பு அறைக்குப் போ என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். தூங்கும்போது மேல்பல்லில் மாட்டிக்கொள்ள, டாக்டர் கேட்டபடி கண்ணாடிபோல ஒரு தகடு செய்து கொடுத்தாள் இவள். ஆறு வாரத்தில் வலி பாதியாகியிருந்தது.

இப்போது டாக்டரின் சீட்டு வந்திருக்கிறது: 'வலப்பக்கம் இடிக்கிறது. அச்சில் வைத்துத் தேய்த்து அனுப்பவும்.'

அண்ணியின் வாயை அளவெடுத்துச் செய்த பிளாஸ்டர் அச்சில் வைத்துப் பார்த்தாள். எல்லாப் பற்களும் சமமாகத் தொட்டன. டாக்டர் சொன்னால் தேய்த்துவிட்டுப் போ, நமக்கெதற்கு வம்பு என்றார் முதலாளி. அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. தன் வேலையில் தப்பிருந்தால் முதலில் தன் கண்ணுக்குத்தான் தெரியும். அச்சையே முறைத்துக்கொண்டிருந்தாள். அது ஆறு வாரத்துக்கு முந்தைய அண்ணியின் வாய். தகடு மாறவில்லை. அப்படியானால் மாறியது அண்ணியின் தாடை.

அண்ணியை போனில் வரச்சொல்லிவிட்டு, தகட்டோடு கிளினிக்குக்குப் போனாள். லேப் ஆட்கள் வாசலோடு திரும்புவதுதான் வழக்கம். அவள் நேரே உள்ளே போய், வாயில் வைத்தே பாருங்கள் என்றாள்.

டாக்டர் முகம் சுளித்தார். ஆனாலும் தகட்டை மாட்டி, கடிபடும் இடத்தில் புள்ளி விழும் நீலத்தாளை நடுவில் வைத்து அண்ணியைக் கடிக்கச் சொன்னார். புள்ளிகள் வலப்பக்கம் மட்டும் விழுந்தன. தாடையைத் தளரவிடச் சொல்லி அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"இறுகிக் கிடந்த தசை விட்டுக்குடுத்து, தாடை நகர்ந்திருக்கு. தகட்டுல தப்பில்லம்மா. பழைய அச்ச நம்பினது என் தப்பு."

வாயிலேயே பார்த்துப் பார்த்து, எல்லாப் பக்கமும் புள்ளி விழும்வரை அவரே தேய்த்தார். அடுத்த சில வாரங்களில் அண்ணியின் வாய்க்குள் மூன்று விரல் போனது. விரல்களை எடுக்காமலே ஏதோ சொன்னாள். ஒன்றும் புரியவில்லை, கண் கலங்கியிருந்தது மட்டும் புரிந்தது.

கெடுவின் கடைசி நாள். பஸ் நிலையமெங்கும் அண்ணியின் குரல் தெளிவாக விழுந்தது. மைக் அவளுக்கே என்று முடிவாகியிருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த இவளிடம் பக்கத்தில் நின்றவர், கணீர்னு யாருங்க பேசறது என்றார்.

"எங்க அண்ணி," என்றாள். அதோடு விட மனசு வரவில்லை. "தகடு நான் செஞ்சது."

அவர் திருதிருவென்று விழித்தார். அண்ணி அறிவித்துக்கொண்டிருந்தது இவள் ஏறவேண்டிய பஸ்ஸைத்தான். கேட்டுக்கொண்டே நின்றதில் அது போயே போய்விட்டது.