தண்ணீர் இல்லாத பாலம்

நுய்யின் அப்பா பாங்காக்குக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மகளைப் பார்க்க வரவில்லை, எடுத்துப்போக வந்தார்.

நுய் என் பக்கத்து அறைக்காரி. காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பேருந்து நிலையத்திலிருந்து அவரை நான் சவாரிக்கு ஓட்டும் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் என் இடுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியே இருந்தார் மனிதர். சிக்னலில் மட்டும் திறந்து பார்த்து, “இங்க யாருமே வீட்டுல இருக்க மாட்டாங்களா தம்பி?” என்றார். தலைக்கு மேல் ரயில் போனபோது சட்டென்று குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குப் போய்ச் சிரித்தேனே என்று என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

தர்மத்துக்குப் பிணம் ஏற்றும் வேன் கிடைத்தது. ஓட்டியவன் கம்ரோன். பெட்டிக்குப் பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடித்துக்கொண்டு பெரியவர் உட்கார்ந்தார். நகர எல்லைவரை என்னையும் கூட வரச் சொன்னார். வெளியூரில் செத்தவரின் உயிரை வீடுவரை நாம்தான் கூட்டிப்போக வேண்டும். திருப்பம் வந்தால் திருப்பம் என்று, பாலம் வந்தால் பாலம் என்று சொல்லிக்கொண்டே போக வேண்டும். விட்டுவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். இந்த ஊரில் அவருக்கு எந்தத் திருப்பம் தெரியும்? அதற்குத்தான் நான்.

நுய்க்கு இந்த ஊரைக் கண்டாலே ஆகாது. “செத்தாலும் இங்க கிடக்க மாட்டேன்ணே” என்று துணி காயப்போடும்போதுகூடச் சொல்வாள்.

“மாமா, இடது பக்கம் திரும்புறோம்,” என்றேன்.

“நுய், இடது பக்கம் திரும்புறோம்மா. அப்பா கூடவே வா.”

கால்வாய் வந்தது. பாலம் என்றேன், சொன்னார். அதன் பிறகு கம்ரோன் வேகமெடுத்தான். நேர் சாலை, திருப்பமே இல்லை. நானும் அசந்து சும்மா இருந்துவிட்டேன். பெரியவர்தான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கீழே வீட்டுக் கூரைகள், மொட்டைமாடிகளில் கொடித்துணி.

“தம்பி, நாம எதுமேல போறோம்?”

“ரோடுதான் மாமா. தூண் வச்சுக் கட்டினது. அடியில தண்ணியெல்லாம் இல்ல.”

“மண்ணு கீழ கெடக்கு. நாம மேல போறோம். அப்ப இது பாலந்தானே? எப்ப ஏறினோம்?”

ஏறி வெகுநேரம் ஆகியிருந்தது. வண்டியைத் திருப்பச் சொல்லிக் கம்ரோனிடம் கெஞ்சினார். நடுவில் எங்கும் திரும்ப முடியாது, இறங்கிச் சுற்றி வந்தால் பொழுதே போய்விடும், அடுத்த பிணம் காத்திருக்கிறது என்றான் அவன். பொய்யில்லை. ஆனாலும் அவன் பிடரியில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது.

“ஏறின எடத்துலயே, அந்தக் கூட்டத்துல நிக்குறாளே. யார வழி கேப்பா?” என்றார் பெரியவர்.

ஊதுபத்தியின் நெருப்பை விரலாலேயே நசுக்கி அணைத்தார். விரல் சுட்டதாகவே தெரியவில்லை.

நகர எல்லையான ரங்சித் வந்தது. நான் இறங்க வேண்டிய இடம். முன்னால் கால்வாய், நிஜமான தண்ணீர், நிஜமான பாலம். மாமா, பாலம் என்றேன். அவர் வாய் திறக்கவில்லை. மனசு கேட்காமல் நானே பெட்டியின்மேல் கை வைத்து, “நுய், பாலம் வருதும்மா,” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“யாருகிட்ட தம்பி சொல்ற?”