முந்நூற்றுப் பன்னிரண்டில் நான்கு டிக்

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒன்பது வருடமாக ஓட்டலில் ஊரார் படுக்கையை உதறிப் போடுகிறவளுக்கு வேறென்ன புத்தி வரும்?

ஆனால் முந்நூற்றுப் பன்னிரண்டாம் அறையை முதலில் மோப்பம் பிடித்தவள் சலவைப் பகுதியில் வேலை பார்க்கும் என் நாத்தனார். வெள்ளிக்கிழமை காலை அழுக்குத் துணியைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

“அண்ணி, அந்த ரூம்ல எத்தனை பேரு?”

“ரெண்டு பேரு. ஒரு ஆளும் அவரு பொண்ணும்.”

“ரெண்டு பேருக்கு தினம் ஒம்பது துண்டா? ஆனா நாலு நாளா ஒரு பெட்ஷீட்கூட வரலையே!”

“வாயை மூடுடி, யார் காதுலயாவது விழப்போவுது” என்றேன்.

ஏனென்றால் நான் அந்த அறைக்குள் போகவே இல்லை. விருந்தாளி சுத்தம் பண்ண வேண்டாம் என்றால் அன்றைய அறைக் கணக்குத் தாளில் ‘மறுப்பு’ என்று எழுத வேண்டும். தொடர்ந்து இரண்டு நாள் மறுத்தால் சூப்பர்வைசர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அவள் வரும்வரை நாங்களும் காத்துக் கிடக்க வேண்டும், பஸ் போய்விடும். அதனால் எல்லோருமே கண்ணை மூடிக்கொண்டு ‘சுத்தம்’ என்று டிக் போட்டுவிடுவோம். திங்களிலிருந்து வியாழன்வரை நானும் போட்டிருந்தேன்.

அன்றும் துண்டுகளோடு போய்த் தட்டினேன். கதவு ஒரு சாண் திறந்தது. அந்த ஆள் வழியை அடைத்துக்கொண்டு நின்றார்.

“துண்ட குடுத்துட்டுப் போங்க. அண்ணன் பொண்ணு தூங்குறா.”

அண்ணன் பொண்ணா? ரிசப்ஷனில் மகள் என்றல்லவா எழுதியிருந்தார்! அதற்குள் அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல், “சார், ஜன்னலத் தொறக்கட்டுமா?” என்றது. எந்த ஊரில் அப்பாவையோ சித்தப்பாவையோ ஒரு பெண் சார் என்று கூப்பிடுவாள்? கதவு சாத்திக்கொண்டது.

வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பும்போது, லிஃப்டிலிருந்து இறங்கிய ஒருவன் அந்தக் கதவைத் தட்டாமல் போனில் “வந்துட்டேன்” என்றான். கதவு முழுசாகத் திறந்தது.

நேராக சூப்பர்வைசரிடம் ஓடினேன். எப்போதும் விறைப்பாகவே நிற்பதால் நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் கஞ்சி. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, தாளை எடுத்து என் முன்னால் போட்டாள்.

“நாலு நாளா நீதானே உள்ள போய்ட்டு வந்திருக்க? தப்பா ஏதாவது இருந்தா அப்பவே தெரிஞ்சிருக்குமே. துண்டுக்காகவும் பேச்சுக்காகவும் போலீசக் கூப்பிட முடியுமா?”

அந்த ஆளுக்கு நற்சான்றிதழ் கொடுத்தவளே நான்தான்! மென்று முழுங்கிப் பார்த்தேன். முடியவில்லை.

“உள்ள போகவே இல்ல மேடம். நாலும் பொய் டிக்.”

“வேலை போயிடும், தெரியுமில்ல?”

“தெரியும். என்னை அப்புறம் திட்டுங்க. மொதல்ல போன் பண்ணுங்க!”

கஞ்சி உடனே போலீசுக்குப் போன் அடித்தாள்.

போலீஸ் வருவதற்குள் அந்த அறைக்கு வந்தவன் போய்விட்டிருந்தான். அடையாள அட்டை நகல் சரியாக விழவில்லை என்று ரிசப்ஷனில் அந்த ஆளைக் கீழே வரவழைத்தார்கள். சாதாரணப் புடவையில் வந்திருந்த பெண் போலீசுக்கு நான் அறையைத் திறந்துவிட்டேன். பூட்டிக் கிடந்த வாடை முகத்தில் அடித்தது. கட்டில் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயதுக்கு மேல் சொல்ல முடியாது.

போலீஸ் அக்கா மெதுவாக என்னவோ கேட்டார். அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை, என் சீருடையைத்தான் பார்த்தாள். பிறகு தலையணை உறைக்குள் கையை விட்டு, மடித்த நான்கு சீட்டுகளை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

“ஓட்டல்ல தினமும் தலகாணி உறை மாத்துவாங்கன்னு நெனச்சேன்.”

முதல் சீட்டில் திங்கட்கிழமை என்று போட்டிருந்தது. ‘ரூம் சுத்தம் பண்ற அக்காவுக்கு. இந்த ஆள் எனக்கு யாருமில்லை. போலீசைக் கூப்பிடுங்க.’ இரண்டாவதும் மூன்றாவதும் அதேதான். பாவி, நான் பாவி!

நான்காவது சீட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

‘அக்கா, நாளைக்காவது உள்ள வருவீங்களா?’