ஒரு சாண்

மூன்று திருகாணிகள் கழன்றுவிட்டன. நாலாவது அசைவேனா என்றது. கைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்னக் கத்திரிக்கோலின் நுனியைக் கொடுத்து அவள் முறுக்கினாள்.

"அம்மா, அதையெல்லாம் தொடக் கூடாது," என்றார் காவலாளி.

"இது என் பொண்ணு. உங்க வீட்டுப் படமா?"

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் பத்து மாதமாகத் தொங்கும் படம். வீட்டில் வாயாடி என்று பேர் வாங்கிய ஆறு வயதுக்காரி, சட்டையைத் தூக்கிப் பிடித்து இளிக்கிறாள். வயிற்றில் துளை போட்ட இடத்தில் மூன்றே மூன்று பொட்டுகள். கட்டியை வெளியே எடுத்த கீறல் அடிவயிற்றில் உடுப்புக்குள் மறைந்திருக்கிறது. 'கட்டி போனது, தழும்பு இல்லை' என்று கீழே கொட்டை எழுத்து. வாயாடி இன்று காலை நாலாம் மாடியில் கண்ணை மூடிவிட்டாள். அவள் அப்பா அங்கே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அம்மா தையல்காரி. தையல் வெளியே தெரிந்தால் அது என்ன தையல் என்பவள். சிறுநீரகத்தில் அபூர்வமான கட்டி, பெரியது வேறு, நீளமாகத் திறந்து முழுசாக எடுப்பதே நல்லது என்று பெரிய டாக்டர் சொன்னபோது அவள்தான் குறுக்கே விழுந்தாள். "பொம்பளப் புள்ள சார், தழும்போட எப்படி?" துளை போட்டே எடுக்கலாம் என்று சின்ன டாக்டர் சிரித்தார். பெரியவர் பேனாவை மூடினார். மேசையைத் தட்டிக் கத்தியிருக்கக் கூடாதா அந்த மனிதர்?

வயிற்றுக்குள்ளேயே ஒரு பையில் போட்டு, கீறல் வழியாக இழுக்கும்போது கட்டி உடைந்து உள்ளே சிந்தியது. சின்ன விஷயம்தான் என்றார்கள். நாலே மாதத்தில் அந்தச் சின்ன விஷயம் வயிறு முழுக்க முளைத்தது. ஊசிமருந்துக்கு வந்துபோன ஒவ்வொரு தடவையும் இந்தப் படத்தைத் தாண்டித்தான் போனார்கள்.

திருகாணி விழுந்தது. படத்தோடு திரும்பினால் எதிரே சின்ன டாக்டர்.

"குடுங்கம்மா, நான் தூக்கிட்டு வரேன்."

"தொடாதீங்க. தொட்டதெல்லாம் போதும்."

அவர் கையை இறக்கிக்கொண்டார்.

"நீளமா அறுத்திருந்தா பொழச்சிருப்பாளா?"

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா."

"அன்னிக்கு மட்டும் உறுதியாச் சொன்னீங்களே! நான் துணி வெட்டுறவ, எனக்கு என்ன தெரியும்? கேட்டுட்டேன். நீங்க ஏன் சார் தலையாட்டினீங்க?"

"முடியும்னு நெனச்சேன்," என்றார். "செஞ்சு பாக்கணும்னு ஆசையும் இருந்துச்சு."

படத்தை அவர் மண்டையிலேயே போட்டு உடைக்கலாம் போலிருந்தது அவளுக்கு.

"எவ்வளவு நீளம்?"

"என்னம்மா?"

"பெரியவர் சொன்னபடி அறுத்திருந்தா, எவ்வளவு நீளம்?"

தயங்கி, தன் வெள்ளைக் கோட்டின் மேல் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காட்டினார். அவள் கண்ணுக்கு அளவுநாடா தேவையில்லை. படத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு தன் கையையும் அதே அளவுக்கு விரித்தாள். விரல்களை மடக்காமலேயே படியேறி நாலாம் மாடிக்குப் போனாள்.

"எங்க போன?" என்றார் கணவர்.

அவள் போர்வையை விலக்கி, வாயாடியின் சட்டையைத் தூக்கி, விரித்த கையை வயிற்றில் வைத்தாள்.

"இவ்வளவுதாங்க," என்றாள். "சட்டை போட்டா தெரிஞ்சிருக்காது."

அவர் குனிந்து, அவள் கைக்கு மேலேயே சட்டையை இழுத்துவிட்டார்.