மாமன் இலையை விட்டு எழுந்தார்

திருமுருகன் கோபித்துக்கொள்ளாமல் கை கழுவிய விசேஷம் ஒன்று உண்டா என்று கேட்டால், சொந்தபந்தம் மொத்தமும் உதட்டைப் பிதுக்கும். செவந்தியின் உடன்பிறந்த தம்பி அவர். ஒரே தாய்மாமன் என்பதால் அக்கா வீட்டில் எது நடந்தாலும் அவருக்குத்தான் முதல் மரியாதை. அந்த மரியாதையில் எங்கே பொத்தல் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் மனிதர் மகா கெட்டிக்காரர். அக்கா மகள் ஹரிணியின் சடங்கில், பிளக்ஸில் தன் போட்டோவைச் சின்னதாகப் போட்டுவிட்டார்கள் என்று பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். புதுவீடு பால் காய்ச்சிய அன்று, வீடியோக்காரர் தன் பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை என்று போனார். ஒவ்வொரு தடவையும் அக்கா புருஷன் சோலையப்பன்தான் "மாப்ள, மாப்ள" என்று பின்னாலேயே ஓடி, கெஞ்சிக் கூத்தாடி இழுத்துக்கொண்டு வரவேண்டும்.

இப்போது ஹரிணியின் தம்பிக்கு மொட்டையும் காதுகுத்தும். இலுப்பூரைத் தாண்டி உள்ளே இருக்கும் குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு. முந்தின நாளே சோலையப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"செவந்தி, இப்பவே சொல்லிப்புட்டேன். ஒன் தம்பி இந்தத் தடவ எந்திரிச்சான்னா எந்திரிச்சதுதான். நான் பின்னால போயிக் கெஞ்ச மாட்டேன். எனக்கும் வயசாகுது."

"அவன் ஒன்னும் எந்திரிக்க மாட்டான், போங்க" என்றாள் செவந்தி. சொன்னவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஹரிணிக்கு இந்த வழக்கிலெல்லாம் அக்கறை கிடையாது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். போன மாதத்திலிருந்து அவள் உலகமே வேறாக இருந்தது. திருக்கோகர்ணத்தில் நடந்த முதலுதவிப் பயிற்சிக்குப் பள்ளியிலிருந்து சிலரை அனுப்பினார்கள். பிசிக்ஸ் டெஸ்டிலிருந்து தப்பிக்கலாமே என்றுதான் அவள் கையைத் தூக்கினாள். போன பிறகு பிடித்துப்போய்விட்டது. தொண்டையில் அடைத்தவரைக் காப்பாற்றும் பயிற்சியில், கூடப் படிக்கும் ஷர்லியைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இவள் அமுக்கிய அமுக்கில் ஷர்லி "அய்யோ, விலா எலும்பு!" என்று அலறினாள். பயிற்சி கொடுத்தவர் கையை எடுத்துச் சரியான இடத்தில் வைத்து, மறுபடி, மறுபடி என்று செய்யவைத்தார். பிடி கைக்கு வரும்வரை ஹரிணியும் விடவில்லை.

வீட்டுக்கு வந்தும் விட்டாளா? தம்பியின் கையைத் துப்பட்டாவில் தூளி கட்டித் தொங்கவிட்டாள். அந்தப் பயல் அப்படியே டியூஷனுக்குப் போக, தெருவே கை ஒடிந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டுப் போனது. அரிசி மூட்டையை நிமிர்த்தி வைத்துக் கட்டிப்பிடித்து அமுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்த செவந்தி, "இதுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

காதுகுத்தன்று கோயில் வாசலில் திருமுருகனும் சீண்டினார். "வாங்க டாக்டரம்மா! மாமனுக்கு ஒரு ஊசி போடுறது?"

"ஊசியெல்லாம் போட மாட்டேன் மாமா. ஆளைக் காப்பாத்துறதோட சரி."

"அடேங்கப்பா!" என்று தொப்பை குலுங்கச் சிரித்தார். அன்றைக்கு அவர் நல்ல மனநிலையில்தான் இருந்தார். மடியில் மருமகனை வைத்துக் காது குத்தும்போது பயலோடு சேர்ந்து அவரும் கண் கலங்கினார். இந்தத் தடவை தப்பித்தோம் என்று செவந்தி சாமியைப் பார்த்து ஒரு கும்பிடு கூடுதலாகப் போட்டாள்.

பந்தி ஆரம்பித்தது. பந்தலுக்குக் கீழே மேசை போட்டு, முதல் வரிசை நடுவில் திருமுருகனை உட்கார வைத்தார்கள். இரண்டாவது சுற்றுக்குக் கறிவாளியோடு வந்தவன் பங்காளி வீட்டு அய்யப்பன். நல்லி எலும்பு ஒன்று கரண்டியில் தலை நீட்டிக்கொண்டு இருந்தது. அந்தப் பாவி அதைத் திருமுருகன் இலையில் வைக்காமல், அவருக்குப் பக்கத்து இலையில் வைத்தான்.

அந்த நேரம் பார்த்துத் திருமுருகன் எழுந்தார்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. முகம் சிவந்திருந்தது. யாரிடமும் எதுவும் சொல்லாமல், வாயைப் பொத்திக்கொண்டு, பந்தலுக்குப் பின்புறம் டிராக்டர் நின்ற பக்கம் நடந்தார்.

"ஆச்சுடா! நல்லி எலும்பு போச்சு, மாமனும் போச்சு" என்று யாரோ சொல்ல, வரிசையே சிரித்தது. அய்யப்பன் கரண்டியும் கையுமாக விழித்தான். "அண்ணே, அடுத்த வாளியில ஒங்களுக்குத்தாண்ணே..." செவந்தி பதறி எழுந்தாள். சோலையப்பன் அவள் பக்கம் திரும்பி எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஒக்காரு. போனாப் போகட்டும். இன்னைக்கி ஒருத்தரும் பின்னால போகக் கூடாது."

திருமுருகன் பந்தல் ஓரத்தில் ஒருதரம் நின்று திரும்பிப் பார்த்தார். அதையும் எல்லோரும் பார்த்தார்கள். கோபித்துக்கொண்டு போகிறவர் யாராவது வருகிறார்களா என்று திரும்பிப் பார்ப்பது வழக்கம்தானே. ஒருவரும் அசையவில்லை.

ஹரிணி அப்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்று உறுத்தியது. மாமா ஏன் கத்தவில்லை? "நான் என்ன நாதியத்தவனா?" என்று நாலு தெருவுக்குக் கேட்கக் கத்தாமல் அவர் எந்தப் பந்தியையும் விட்டுப் போனதே இல்லை. கோபம் வந்தால் முதலில் வருவது அவர் குரல்தான். இன்றைக்கு ஒரு செருமல்கூட இல்லை. தொண்டையில் அடைத்தவருக்குச் சத்தம் வராது, வெட்கப்பட்டுத் தனியாக எழுந்து போவார், அவரைத் தனியாக விடாதீர்கள் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். ஜக்கை மேசையில் வைத்துவிட்டு அவள் ஓடினாள்.

"ஹரிணி! போகாதேன்னு சொன்னேன்ல?" என்று அப்பா கத்தினார். அவள் நிற்கவில்லை.

டிராக்டர் மறைவில் திருமுருகன் டிரெய்லரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். ஒரு கை கழுத்தில். உதடு நீலம் பாரித்துக் கண்ணில் நீர் வழிந்தது.

"மாமா, பேச முடியுதா?"

தலையை ஆட்டினார். இல்லை.

"பயப்படாதீங்க. நான் பாத்துக்கிறேன்."

பெரிய மனுஷி ஆன பிறகு அவள் மாமனைத் தொட்டுப் பேசியதுகூட இல்லை. அதையெல்லாம் யோசிக்க இது நேரமா? அவரை முன்னால் சாய்த்து, தோள்பட்டை இரண்டுக்கும் நடுவே உள்ளங்கை அடியால் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஐந்து அடி. எதுவும் வரவில்லை. பின்னால் போய்க் கட்டிப்பிடித்தாள். கை எட்டவில்லை! ஷர்லி ஒல்லிக்குச்சி; மாமன் வயிறு அரிசி மூட்டையைவிடப் பெரிசு. ஹரிணி தடுமாறவில்லை. வயிறு எட்டாவிட்டால் நெஞ்சு. அதையும் பயிற்சியில் செய்து பார்த்தவள்தான். அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து, நெஞ்செலும்பின் நடுவில் முஷ்டியை வைத்து, மறுகையால் அதைப் பிடித்துத் தன் பக்கம் வெடுக்கென்று இழுத்தாள்.

சமாதானப்படுத்துவதற்காகத் தனி வாளியோடு வந்த அய்யப்பன் அதைப் பார்த்து, "அய்யய்யோ!" என்று கூவினான். ஆட்கள் ஓடிவந்தார்கள். "உச்சந்தலையில தட்டு!" "தண்ணியக் குடுங்கப்பா!" ஒருவர் சொம்பையே வாயருகே கொண்டுவந்துவிட்டார்.

"தண்ணி குடுத்தா செத்துருவாரு! அங்கிட்டுப் போங்க எல்லாரும்! அய்யப்பண்ணே, நூத்தியெட்டுக்குப் போனைப் போடுங்க!"

அந்த அதட்டலில் சொம்பு பின்வாங்கியது. திருமுருகனின் முழங்கால் மடங்க ஆரம்பித்தது. அவர் கனம் மொத்தமும் அவள் மேல் சாய்ந்தது. காலை அகட்டி ஊன்றிக்கொண்டு, பல்லைக் கடித்து இன்னொரு இழுப்பு. இன்னொன்று. சவ்வோடு ஒரு கறித்துண்டு தெறித்து மண்ணில் விழுந்தது.

'ஹா' என்று மூச்சை உள்ளே இழுத்தார் திருமுருகன். அப்புறம் இருமினார். அந்த இருமலைக் கேட்டதும்தான் ஹரிணி பிடியை விட்டாள். அவ்வளவு சந்தோஷம், அவ்வளவு பயம், இரண்டும் ஒன்றாக வந்து அவள் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சோலையப்பன் வந்தார். மண்ணில் கிடந்த துண்டைப் பார்த்தார். மச்சினன் முகத்தைப் பார்த்தார். புரிந்தது.

"போனாப் போகட்டும்னு சொல்லிப்புட்டேனே மாப்ள... என் வாயால சொல்லிப்புட்டேனே!" அத்தனை பேர் முன்னாலும் முகத்தில் துண்டைப் பொத்திக்கொண்டு அழுதார்.

திருமுருகனுக்குக் குரல் கரகரத்தது. "நின்னு திரும்பிப் பாத்தேன் மச்சான். நீங்க வந்துருவீங்கன்னு நெனைச்சேன். கூப்புடக் கொரல் வரல." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒங்களச் சொல்லிக் குத்தமில்ல. நான் போட்ட ஆட்டம் அப்படி."

நூற்றியெட்டு வந்தது. "நல்லாத்தானே இருக்கேன், இனி எதுக்கு?" என்று அவர் இழுத்தார்.

"நெஞ்சுல அம்புட்டு அமுக்கு அமுக்கியிருக்கேன். உள்ள எதுவும் ஆயிருக்கான்னு டாக்டர் பாக்கணும். ஏறுங்க மாமா" என்றாள் ஹரிணி. ஒரு விசேஷ வீட்டில் திருமுருகன் மறுபேச்சுப் பேசாமல் சொன்னதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

சோலையப்பனும் கூடவே ஏறினார். வண்டி கிளம்புகிற வரைக்கும் மச்சினன் கையை விடவில்லை.

"மாப்ள, இனிமே நீ எந்தப் பந்தியில எந்திரிச்சாலும் நான் பின்னாலயே வாரேன். எதுக்கு எந்திரிச்சேன்னு கேக்கக்கூட மாட்டேன்."

திருமுருகன் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையை இறுக்கிப் பிடித்தார்.

"வாங்க மச்சான்" என்றார். "கொஞ்சம் வெரசா வாங்க."