மடித்து வெட்டிய கோட்டு

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுத் துணியை விரித்தபோதுதான் சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு தோளும் ஒரே மாதிரி இருந்தன, அச்சில் வார்த்ததுபோல, ஒரு நூல் பிசகாமல். வேறு யாருடைய கோட்டாக இருந்தாலும் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருப்பாள். இது அக்காவின் கோட்டு. அக்காவுக்கு இரண்டு தோளும் ஒரே மாதிரி கிடையாது.

உடை வடிவமைப்பு படிக்கிற கை எந்தத் துணியைக் கண்டாலும் இரண்டாக மடிக்கும். பாதி உடம்புக்கான காகித அச்சை மேலே வைத்து, ஒரே வெட்டில் இரண்டு பக்கத்தையும் வெட்டிவிடும். இந்த வழக்கத்தை உடைக்கிறேன் பேர்வழி என்று இந்த வருடம் முழுக்க கல்லூரியில் ஆடாத ஆட்டமெல்லாம் ஆடியவள் அவள். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று என்று தனித்தனியாக அச்சு வரைந்தும் வைத்திருந்தாள். கடைசியில் வெட்டுகிற நேரம் பார்த்து, பழக்கதோஷத்தில் துணியை மடித்து, இடது அச்சை மட்டும் வைத்து வெட்டித் தள்ளிவிட்டாள். "சனியனே, மூளை எங்க போச்சு?" என்று தன் கையையே திட்டினாள். வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளால் அதுவும் உருப்படியாக வெளியே வரவில்லை.

பெரியவள் ஓர் அலுவலகத்தில் வரவேற்பு மேசையில் உட்காருகிறவள். ஒரு விபத்தில் உடைந்த தோளெலும்பு கூடிவிட்டது. இறங்கிய இடது தோள் மட்டும் ஏறவே இல்லை. அன்றிலிருந்து வெளியே போட்டுப் போகிற எல்லாச் சட்டையிலும் இடது தோளுக்குள் ஒரு பஞ்சுத் திண்டைத் தைத்துக்கொள்வாள். காலையில் கிளம்பும்போது, "தெரியுதா?" என்று ஒரு தரம் கேட்பாள். "தெரியவே இல்ல" என்று அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொல்வாள். அப்பாவும் அதையே சொல்வார். சின்னவளும்தான்.

"உங்களை உறுத்துறது எதுவோ, அதுலேர்ந்து ஒரு உடை செய்ங்க" என்று ஆசிரியை சொன்னபோது வகுப்பில் ஒருத்தி கிளிஞ்சல் கொண்டுவந்தாள், ஒருத்தன் துருப்பிடித்த தகரம் கொண்டுவந்தான். இவள் கொண்டுபோனது அக்காவின் முதுகை. கொடியில் துணி உலர்த்தும்போது, திண்டு இல்லாத வீட்டுச் சட்டையில், அவளுக்குத் தெரியாமல் எடுத்த படங்கள். அந்தச் சரிவில் துணி எவ்வளவு அழகாக விழுகிறது என்பதைத்தான் பார்த்தாள், சத்தியமாக வேறெதையும் இல்லை. ஆசிரியை புகழ்ந்து தள்ளினார். படங்கள் பெரிதாகிச் சுவரில் ஏறின. சின்னவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கொடுக்க வந்த பெரியவள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்றாள். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வீட்டில் பல நாள் பேச்சு இல்லை. பிறகு ஒரு நாள் தானாக வந்து, விபத்துக்கு முன்னால் ஆசையாக வாங்கிய சாம்பல் நிறக் கம்பளித் துணியைத் தங்கை மடியில் போட்டாள்.

"மூஞ்சி இல்லாத முதுகு எதுக்கு? நானே போட்டுக்கிட்டு உன் காலேஜ்ல வந்து நிக்கிறேன். ஆனா அளவெடுக்கும்போது கண்ணாடிய சுவத்துப் பக்கம் திருப்பி வைக்கணும். நல்லா வரலேன்னா வரமாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

நாளைக்குக் காலையில் கல்லூரிக்குத் தேர்வாளர்கள் வருகிறார்கள். துணியில் மிச்சம் இருந்தது துண்டு துக்காணிதான்.

சாயங்காலம் பெரியவள் வந்தபோது சின்னவள் ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்த்ததுமே அக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"என்னத்த சொதப்பின?"

"தப்பா வெட்டிட்டேன்க்கா. உன் நல்ல பக்கத்துக்குத் துணி பத்தாது."

பெரியவள் சிரித்துவிட்டாள். "அதுவும் கொஞ்சம் கஷ்டப்படட்டும், விடு." அலுவலகச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உள்சட்டையோடு வந்து நின்றாள். "முதல்ல ஊசிய வாயிலேர்ந்து எடுடி. முழுங்கித் தொலைக்கப் போற."

இடது கையை நுழைத்தாள். கோட்டு தோளில் போய் உட்கார்ந்தது. ஓர் இழுப்பு இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. இத்தனை வருடத்தில் எந்தத் துணியும் அந்தத் தோளை இப்படிக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டதில்லை.  இறங்கிய தோளுக்கு வெட்டிய வலது பக்கத்தில் கை நுழையாததால் கோட்டின் மறுபாதி முதுகுப்பக்கம் தொங்கியது. அதைத் தூக்கிப் பிடிக்கச் சின்னவள் பின்னால் போன சமயத்தில், பெரியவள் கையை நீட்டி, சுவரைப் பார்த்திருந்த கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிவிட்டாள்.



"இவ்வளவா?" என்றாள் பெரியவள்.

சின்னவள் மறுபாதியைத் தூக்கிப் பிடித்தபடி கண்ணாடியில் அக்காவைப் பார்த்தாள்.

"தெரியவே இல்லன்னீங்களேடி. எல்லாரும்." குரல் உடைந்தது. உடனே, எதையோ பிடித்துக்கொள்கிற அவசரத்தில், "நீ தப்பா வெட்டுனதாலதானே இப்படித் தெரியுது? அதானே?"

ஆமாம் என்று சொன்னால் போதும். வெட்டினது தப்பு என்பது பொய்யும் இல்லை. அக்கா இன்றைக்கு நிம்மதியாகத் தூங்குவாள். நாளைக்கு உள்ளே ஒரு திண்டை வைத்துச் சமாளித்துவிடலாம், அக்காவும் வந்து நிற்பாள். இல்லை என்றால் வருவாளோ மாட்டாளோ, யார் கண்டது. சின்னவள் ஊசிகளை உள்ளங்கையில் எடுத்தாள்.

"இல்லக்கா. தப்பு வலது பக்கம். இடது பக்கம் சரியா இருக்கு."

"என்னடி, நல்லா வந்திருக்கா?" என்று அம்மா சமையலறையிலிருந்து கேட்டாள். 

வேறென்ன செய்வதென்று தெரியாமல் சின்னவள் ஒரு துண்டுத் துணியை எடுத்து வலது தோளில் பொருத்திப் பார்த்தாள்.  ஊசிகள் திரும்ப வாய்க்கே போயின. பெரியவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் நாற்காலியைத் துழாவினாள். அலுவலகச் சட்டையை இழுத்து, தோளுக்குள் இருந்த திண்டைப் பிய்த்தாள். நூல் அறுகிற சத்தம் படபடவென்று கேட்டது.

"ஊசிய வாயில வைக்காதேன்னு எத்தன தரம்டி சொல்றது. இந்தா, இதுல குத்து."

இறங்கிய தோளின் கையில்தான் திண்டை நீட்டினாள். அந்தக் கை நெடுநேரம் தாங்காது. நாளைக்கு வருகிறாயா என்று கேட்கத் துணிவு வராமல், சின்னவள் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திண்டில் குத்தினாள். பெரியவள் கையை இறக்கவில்லை.